அமெச்சூர் என்பது வசைச்சொல் அன்று

தமிழ்ச் சிற்றிதழ் விமரிசனத்தில் ‘அமெச்சூர்த்தனம்’ என்ற சொல் நெடுங்காலமாகவே ஒரு வசையாகப் புழங்கி வருகிறது. சிறுகதை கைகூடாமல் போனால் அமெச்சூர்த்தனம். நாடகத்தில் ஒளியமைப்பு பிசகினால் அமெச்சூர்த்தனம். மொழிபெயர்ப்பில் வாக்கியம் இடறினால் அதற்கும் அதே பெயர். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த இந்தப் பிரெஞ்சுச் சொல்லின் வேர், நேசித்தல் என்ற பொருள்தரும் இலத்தீன் வினையில் இருக்கிறது. ஒன்றை அதன்மீதுள்ள விருப்பத்தினாலேயே செய்பவர் என்பதே அதன் முதற்பொருள். அரைகுறை என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தச் சொல்லை இலக்கியத்துக்குச் சற்று வெளியே எடுத்துச் சென்று, சேலம், நாமக்கல் சமவெளிச் சிற்றூர்களில் வாழும் ஒருவகை மனிதர்கள்மீது வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். பள்ளி ஆசிரியராகவும் விவசாயியாகவும் இருந்துகொண்டு, நடுவயது கடந்தும் ஓட்டத்தையோ எறிதலையோ தாண்டுதலையோ விடாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ளத் தமிழில் நமக்கு ஒரு சொல்கூட இல்லை என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்கான காரணம்.

கொண்டப்பநாயக்கன்பட்டி சேலம் நகரின் வடக்கு விளிம்பில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், கன்னங்குறிச்சியை ஒட்டி இருக்கிறது. நகரம் வளர வளர, இதுபோன்ற விளிம்பு ஊர்களில் காடுகள் வீட்டுமனைகளாகின்றன. இங்கே காடு என்பது வனத்தைக் குறிப்பதில்லை. மழையை நம்பிய புன்செய் நிலத்துக்கு இப்பக்கத்தில் அதுதான் பெயர். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். மேட்டூர் வாய்க்கால் எட்டும் பகுதிகளை விட்டுவிட்டால், மாவட்டத்தின் பெரும்பகுதி வேளாண்மை கிணறு, ஆழ்துளைக் கிணறு, வானம் ஆகிய மூன்றையும் நம்பி நடப்பது. நிலக்கடலை, சோளம், மஞ்சள், மாந்தோப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மரவள்ளி. மரவள்ளியிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசிக்காகவே 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது என்றால் அப்பயிரின் இடம் விளங்கும். இத்தகைய மண்ணில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். ஆகவே வீட்டுக்கு ஒருவர் சம்பளத்துக்குப் போகிறார். அப்படிப் போனவர்களில் ஆசிரியர்கள் கணிசமானவர்கள். சம்பளம் நிலத்தைக் காப்பாற்றியது. நிலம் அவரை ஊரிலேயே நிறுத்தி வைத்தது.

இந்த ஆசிரியரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் வரும் நேரத்தைப் பொறுத்து விடியலுக்கு முன்பே மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நடக்கிறார். தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் மடையைத் திருப்புகிறார். ஒன்பது மணிக்குள் பள்ளி. அவர் உடற்கல்வி ஆசிரியராகவும் இருக்கலாம், கணக்கோ வரலாறோ நடத்துபவராகவும் இருக்கலாம். மாலை மணி அடித்த பிறகு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, குறுவட்டப் போட்டிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளை ஓட விடுகிறார். அவர்கள் வீடு திரும்பிய பின், இருட்டுவதற்குள் தாமும் சில சுற்றுகள் ஓடுகிறார். எதற்காக? அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கப் போவதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் வயதும் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை மூத்தோர் தடகளப் போட்டி நடக்கும். முப்பத்தைந்து வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து நடத்தப்படும் போட்டி அது. நுழைவுக் கட்டணத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் தம் கையிலிருந்து கொடுத்துப் போய்வருவார். பதக்கம் பீரோவுக்குள் போகும். ‘இந்த வயசுல வாத்தியாருக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று டீக்கடையில் ஒரு பேச்சு எழும். அந்தப் பேச்சில் கேலி பாதி, வியப்பு பாதி.

அந்தக் கேள்வியை நாம் உண்மையாகவே கேட்டுப் பார்க்க வேண்டும். எதற்கு? இதற்கு விடை தேட, அமெச்சூர் என்ற சொல் விளையாட்டில் என்ன பாடுபட்டது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

1866-இல் இங்கிலாந்தில் அமெச்சூர் தடகளக் கழகம் தொடங்கப்பட்டபோது, யார் அமெச்சூர் என்பதற்கு அது ஒரு வரையறை தந்தது. பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டவர் அமெச்சூர் ஆகமாட்டார் என்பது அதில் ஒரு பகுதி. இது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் வரையறை அத்துடன் நிற்கவில்லை. வாழ்வில் எப்போதேனும் பிழைப்புக்காக உடற்பயிற்சி கற்றுத் தந்தவரும் விலக்கப்பட்டார். கைவினைஞரும் கம்மியரும் கூலி உழைப்பாளியும்கூட விலக்கப்பட்டார்கள். உடலால் உழைத்து வாழ்பவனுக்குக் கனவான்களோடு ஓடும் உரிமை கிடையாது. அவன் உடல் ஏற்கெனவே பயிற்சி பெற்றது என்பது சொல்லப்பட்ட நியாயம். அவனிடம் தோற்க நேரிடும் என்பது சொல்லப்படாத நியாயம். 1880-இல் புதிய தடகளச் சங்கம் உருவானபோதுதான் உழைப்பாளிகளை விலக்கும் விதி கைவிடப்பட்டது. நம்முடைய சேலத்துக்காரர் 1866-இன் இங்கிலாந்தில் இருந்திருந்தால், மண்வெட்டி பிடிப்பதற்காக ஒருமுறையும் மாணவர்களுக்கு ஓட்டம் சொல்லித் தருவதற்காக மறுமுறையும் விலக்கப்பட்டிருப்பார். விருப்பத்தினால் செய்பவன் என்ற அழகிய சொல், ஓய்வும் சொத்தும் உள்ளவன் என்ற பொருளில் வேலியாக நடப்பட்டது.

ஒலிம்பிக் இயக்கமும் இந்த வேலியை நெடுநாள் காத்து வந்தது. 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஐந்து போட்டித் தொகுதியிலும் பத்துப் போட்டித் தொகுதியிலும் தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அமெரிக்கப் பூர்வகுடி மரபினர். முன்பு சொற்பப் பணத்துக்காக பேஸ்பால் ஆடினார் என்பதற்காக 1913-இல் அவருடைய வெற்றிகள் பறிக்கப்பட்டன. அவர் 1953-இல் இறந்தார். 1982-இல் அவர் பெயர் மீட்கப்பட்டது. இரு போட்டிகளுக்கும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவிக்க 2022 வரை ஆயிற்று. விருப்பம், காசு ஆகிய இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி எளியவனை அடிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட வந்தவர் ஷிசோ கனாகுரி. ஜப்பானின் குமமோட்டோ பகுதியின் கிராமப்புறத்திலிருந்து வந்து, தோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். கப்பலிலும் இரயிலிலும் நெடும்பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். அன்றைய வெயிலில் ஓடியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பந்தயத்தை முடிக்கவில்லை. போர்த்துக்கல் வீரர் ஒருவர் இறந்தே போனார். கனாகுரி வழியில் சோர்ந்து விழ, ஒரு குடும்பத்தார் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டதால் நெடுங்காலம் காணாமற்போனவர் என்றே பேசப்பட்டார். 1967-இல் அவரை அழைத்து மிச்ச ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகள், எட்டு மாதங்கள், ஆறு நாட்கள், சில மணி நேரம் என்று அவருடைய நேரம் அறிவிக்கப்பட்டது. இந்த வேடிக்கைச் செய்தியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டுக்கும் இடையே அவர் செய்தவை. அவர் ஆசிரியராக இருந்தார். மேலும் இரண்டு ஒலிம்பிக்குகளில் ஓடினார். ஜப்பானின் புகழ்பெற்ற ஹாக்கோனே தொடர் ஓட்டம் 1920-இல் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவரானார். பெண்கள் ஓடுவதற்காகவும் பாடுபட்டார். தோற்ற ஓட்டக்காரர் ஒருவர் ஒரு நாட்டை ஓட வைத்தார் என்று சொல்வது மிகையாகாது.

கனாகுரி இறந்த 1983-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் இன்னொன்று நடந்தது. சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். அதில் கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி கலந்துகொண்டார். கால்களை அதிகம் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஓடும் அவருடைய பாணியைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். மற்றவர்கள் உறங்கிய நேரங்களிலும் அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஐந்து நாட்கள் பதினைந்து மணி நேரத்தில் முதலாவதாக வந்தார். பரிசுப் பணமான பத்தாயிரம் டாலரைத் தம்முடன் ஓடியவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். பண்ணையில் ஆடுகளின் பின்னால் நாட்கணக்கில் ஓடிப் பழகியவன் நான் என்பது அவர் தந்த விளக்கம். 1866-இன் கனவான்கள் அஞ்சியது இதைத்தான்.

நம்முடைய ஊர்களுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ என்ற மனிதர் உருவானதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அத்தகைய முதல் கல்லூரி அது என்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகவும் அவர் இருந்தார். அங்கே பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் மாகாணத்தின் சிற்றூர்ப் பள்ளிகள் வரை பரவினார்கள். காக்கிக் கால்சட்டை, விசில், கையில் ஒரு பிரம்பு என்று நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் கேலிச்சித்திரமாக வந்து போகும் அந்த ஆசிரியர், இந்த மரபில் வந்தவர். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கும் ஆள் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. அவருக்கென்று ஓர் உடல் இருந்தது, அந்த உடலுக்கென்று ஒரு கனவு இருந்தது என்பதைத் தமிழ்ப் புனைவு பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

சிற்றூர்ப் பள்ளிக்கு மிகவும் பொருந்திய விளையாட்டு உயரம் தாண்டுதல் என்று சொல்லலாம். இரண்டு கம்பு, குறுக்கே ஒரு மூங்கில், அப்பால் கொத்திவிட்ட மணல் போதும். பாதையோ காலணியோ கடிகாரமோ வேண்டியதில்லை. தமிழர்களில் இதில் முதலில் உலகறியப் பெயர் பெற்றவர் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் 1934-இல் பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தாண்டியபோது அவருக்கு வயது பதினேழு. 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது. 1962-இல் வெள்ளி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, கார்னெல் பல்கலைக்கழகங்களில் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கல்வித்துறையே அவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று. 2024-இல் மறைந்தார். ஆசியாவின் முதல் இடத்துக்கு வந்தவர், விளையாட்டினால் வாழாமல் விளையாட்டோடு வாழ்ந்தார். ஒரு தலைமுறையின் அமெச்சூர் என்பதற்கு அவர் நல்ல சான்று.

அவருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே விளையாட்டு சேலம் மாவட்டத்தில் வேறொரு வாழ்க்கையைத் தொட்டது. பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி நிரந்தர ஊனத்துக்கு ஆளானார். தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காத்தவர். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த சிறுவனை உயரம் தாண்டச் சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர் இராஜேந்திரன். பதினான்கு வயதில், குறையற்ற உடல் கொண்ட மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார் மாரியப்பன். அதன் பிறகு பெங்களூரில் பயிற்றுநர் சத்தியநாராயணாவிடம் பயிற்சி. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-இல் நடந்த தோக்கியோ பாராலிம்பிக்கில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர். ரியோவிலிருந்து திரும்பியதும் பரிசுத் தொகையில் 30 இலட்சம் ரூபாயைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாக அறிவித்தார். எந்த இடத்திலிருந்து தம் தாண்டல் தொடங்கியது என்பதை அவர் சரியாக அறிந்திருந்தார் என்றே இதை எடுத்துக்கொள்கிறோம்.

இதே மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் நடராஜனின் கதையிலும் அப்படியொரு மனிதர் உண்டு. டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்த இளைஞனைச் சென்னைக்கு அழைத்துப் போனவர், தாமும் அவ்வாறே ஆடி வந்த ஜெயப்பிரகாஷ். 2020-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2021-இன் தொடக்கத்திலுமாக ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான நடராஜன், அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தம் சட்டையில் தாங்கியே ஆடியவர். 2023-இல் சொந்த ஊரில் ஒரு மைதானத்தையும் அமைத்துத் திறந்தார்.

இந்த இரு கதைகளையும் நம் நாளிதழ்கள் வெற்றிக் கதைகளாகவே எழுதின. அவ்வாறு எழுதுவதில் ஒரு கோணல் இருக்கிறது. வெற்றிக் கதையில் ஊர் ஆசிரியர் ஓர் ஏணிப்படி. வீரன் மேலே போனதும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. அவர் அடுத்த ஆண்டு வேறு இருபது பிள்ளைகளுக்குக் கோடு போடுவதை யாரும் எழுதுவதில்லை. அந்த இருபது பேரில் ஒருவரும் மாவட்டப் போட்டியைத் தாண்டாமல் போகலாம். அப்போது அவருடைய உழைப்பு வீணா? வெற்றியை அளவுகோலாக வைத்தால் வீண்தான். நாங்கள் சொல்ல விரும்புவது, அந்த அளவுகோல் அவர் தம்முடைய ஓட்டத்துக்கே வைத்துக்கொள்ளாத ஒன்று என்பதைத்தான். ஐம்பது வயதில் நானூறு மீட்டரை முன்னாண்டைவிட ஒரு விநாடி தாமதமாக ஓடி முடித்துவிட்டு, அதையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பவர், உடல் தேயும் என்பதை ஏற்றுக்கொண்டே அதனோடு உறவைத் தொடர்கிறார். மழை பொய்த்த ஆண்டிலும் காட்டை உழுது போடும் விவசாயியின் மனமும் இதுதான். இந்த ஆண்டு எதுவும் விளையாது என்று தெரிந்தும் முதல் பாடத்திலிருந்து தொடங்கும் ஆசிரியரின் மனமும் இதுதான். மூன்று வேலைகள்போலத் தோன்றுபவை ஒரே குணத்தின் மூன்று முகங்கள். தமிழில் நெல் அடிப்பதும் களத்தில், போர் புரிவதும் களத்தில், ஆடுவதும் களத்தில் என்று நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்துப் போனது தற்செயல் என்று தோன்றவில்லை.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். விருப்பத்தினால் செய்வது உயர்ந்தது என்று நாம் போற்றிக்கொண்டே போனால், கூலி கொடுக்க வேண்டியவர்கள் கைகழுவிவிட மாட்டார்களா? கழுவுவார்கள், கழுவியும் இருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்று எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அவ்வாறு நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாட்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பின்னர் தொகை படிப்படியாக உயர்த்தப்பட்டது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். உடலும் கலையும் பகுதிநேரத்துக்கு உரியவை என்று ஒரு சமூகம் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இருக்கும் பள்ளிகளிலும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குவது எல்லோரும் அறிந்த வழக்கம். அந்தக் கடன் திருப்பித் தரப்படுவதில்லை.

1952-இல் இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வென்று தந்த மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ், மராட்டியத்தின் கோலேஷ்வர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் ஹெல்சிங்கி செல்வதற்காகக் கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டிகர் தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார் என்ற செய்தி அடிக்கடி நெகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்லப்படுகிறது. நெகிழ வேண்டியதுதான். அத்துடன், ஓர் ஆசிரியர் வீட்டை அடகு வைத்தால்தான் ஒரு மாணவன் போக முடியும் என்ற நிலை குறித்து வெட்கப்படவும் வேண்டும். விருப்பத்தினால் ஒன்றைச் செய்வது ஒருவருடைய சுதந்திரம். அவருடைய விருப்பத்தைக் காட்டி அவருக்குரியதைக் கொடாமல் இருப்பது சுரண்டல். 1866-இன் இங்கிலாந்து, காசு வாங்கியவனுக்கு அமெச்சூர் என்ற பெயரைத் தர மறுத்தது. இன்றைய நம் அமைப்போ, அமெச்சூரின் ஆர்வம் இருக்கிறதே என்று காசைத் தர மறுக்கிறது. இரண்டிலும் அடிபடுபவர் ஒருவரே. ஆகவே ஆசிரியப் பணிக்கு முழு ஊதியமும், விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலையும் அவருக்கு முறையாகக் கிடைத்தாக வேண்டும். அதற்குப் பிறகு மாலையில் அவர் ஓடுகிற ஓட்டம் மட்டும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத, அவருக்கே உரிய ஒன்றாக இருக்கட்டும்.

இனி, இதில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தமிழ்ச் சிற்றிதழ் இயக்கமே அமெச்சூர்களால் நடத்தப்பட்டது என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, கைப்பணத்தை அதில் போட்டுக் கரைத்தார். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகக் கொண்டு போனார். இலாபமோ பதவியோ அவருக்குக் குறியாக இருந்ததில்லை. ‘வாடிவாசல்’ எழுதி, மாடு அணையும் மனிதனின் உடலைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தக் குறுநாவல் இன்றும் நின்றுகொண்டிருப்பதற்குக் காரணம், வாடிவாசலில் நிற்பவனின் ஒவ்வொரு தசையசைவையும் எழுதியவர் அறிந்திருந்ததும் மதித்திருந்ததும். அதற்குப் பின் நம் புனைவில் உழைக்கும் உடல் வந்தது, நோயுறும் உடல் வந்தது, காமத்தின் உடல் வந்தது. ஆடும் உடல் மட்டும் அரிதாகவே வந்திருக்கிறது. வாழ்க்கை வரலாறுகளோ அரசியல் தலைவருக்கும் எழுத்தாளருக்கும் நடிகருக்கும் உரியவையாகவே இருக்கின்றன. சேலத்துப் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் மரவள்ளியும் விளைவித்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும் ஓடவிட்டு, தாமும் ஓடிய ஒரு மனிதருக்கு மிஞ்சுவது ஓய்வுபெறும் நாளில் போர்த்தப்படும் பொன்னாடையும், இறந்தபின் ஊர்ச்சுவரில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும்தான்.

இதை மாற்றுவதற்குப் பெரிய நிறுவனங்கள் எதுவும் வேண்டியதில்லை. வாசகர்கள் ஒவ்வொருவரும் தாம் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இன்று எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கலாம். உயிரோடு இருந்தால் போய்ப் பார்க்கலாம். அவர் எந்த ஊரில் பிறந்தார், எவரிடம் பயின்றார், எத்தனை ஏக்கர் வைத்திருந்தார், எந்தக் கிணறு எந்த ஆண்டில் வற்றியது, மாவட்டப் போட்டியில் எத்தனை மீட்டர் எறிந்தார், எந்த மாணவியை ஓட அனுப்புவதற்காக அவள் தகப்பனாரிடம் எத்தனை முறை போய்ப் பேசினார் என்றெல்லாம் கேட்டு எழுதி வைக்கலாம். அவருடைய குறிப்பேடுகள் கரையானுக்குப் போகுமுன் படியெடுக்கலாம். குறுவட்டப் போட்டிகள் நடக்கும் நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்கலாம். இப்படி நூறு வாழ்க்கைகள் எழுதப்பட்டால், ஒரு வட்டாரத்தின் அரை நூற்றாண்டுக் கல்வியும் வேளாண்மையும் சேர்ந்த வரலாறு நம் கைக்கு வந்துவிடும். எந்த அரசு ஆவணத்திலும் அது அப்படிக் கிடைக்காது.

அதைச் செய்யும்போது ஒன்றை மட்டும் கவனமாகத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர்களைத் தியாகிகளாக்கிவிடக் கூடாது. விட்டுக்கொடுத்தவர்கள் என்ற பட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. விரும்பியதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். காலையில் மடை திருப்பியதும் பகலில் பாடம் சொன்னதும் மாலையில் ஓடியதும் அவர்களுக்குப் பிடித்திருந்தன. அந்த மகிழ்ச்சியைக் குறையாமல் எழுத முடிந்தால், அமெச்சூர் என்ற சொல் நம் விமரிசனத்தில் வசையாக இருப்பது தானே நின்றுபோகும்.